ஐம்பது ஸ்பானிய வாக்கியங்கள் வேண்டும், தமிழ் வழியாக

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன், அதாவது ஆர்டர்களைக் கவனிப்பது. எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களில் பாதிப் பேர் ஸ்பெயின்காரர்கள். அடுத்த மாதம் பார்சலோனாவிலிருந்து இருவர் வருகிறார்கள். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியும். இன்னொருவர் அறுபது வயதை நெருங்கும் அம்மாள், பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு மாதிரி, வெட்டுவதில் கைதேர்ந்தவர். அவருக்கு ஸ்பானியம் மட்டும்தான் தெரியும். நான்கு நாள் எங்கள் சாம்பிள் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிறார்.

ஆறு மாதமாகக் கைபேசிச் செயலியில் ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிக்கிறேன், தினமும் கால் மணி நேரம். பூனை பால் குடிக்கிறது என்று பிழையில்லாமல் எழுதிவிடுவேன். ஆனால் "இந்தத் தையல் கோணலாக இருக்கிறது, பிரித்துத் தைத்துத் தருகிறேன்" என்று வாய் திறந்து சொல்ல வரவில்லை.

போன மாதம் ஒரு லாட்டில் சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. துணி சரியில்லை, மாற்றி அனுப்புகிறோம் என்று பையருக்கு ஸ்பானியத்திலேயே எழுதலாமென்று நினைத்தேன். ஆங்கிலத்தில் துணிக்கு ஃபேப்ரிக் அல்லவா? அகராதியைப் பார்க்காமல் 'லா ஃபாப்ரிகா எஸ்தா மாலா' என்று தட்டிவிட்டேன். ஃபாப்ரிகா என்றால் தொழிற்சாலையாம். "உங்கள் தொழிற்சாலைக்கு என்ன ஆயிற்று? தீ விபத்தா?" என்று அன்று இரவு மூன்று முறை போன் வந்தது. துணிக்கு அவர்கள் சொல்வது 'தேலா'. இரண்டே எழுத்து. இனி என் உயிர் உள்ளவரை மறக்காது.

இலக்கண வகுப்புக்கு நேரமில்லை. தையல் அறையிலும் சாப்பாட்டு மேசையிலும் உதவக்கூடிய வாக்கியங்கள் ஐம்பது போதும். எந்த வழியில் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர்த்துண்டு (கரூர்)

ஸ்பெயினுக்குத் துண்டும் மேசைவிரிப்பும் அனுப்பிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் ஃபாப்ரிகா கதைக்கு எங்கள் ஊரிலும் ஒரு தம்பி உண்டு. 'கார்பேத்தா' அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதைக் கார்பெட் என்று எடுத்துக்கொண்டு, நாங்கள் கார்பெட் நெய்வதில்லை என்று மரியாதையாகப் பதில் போட்டுவிட்டார். அவர்கள் கேட்டது ஆவணக் கோப்பு. தரைவிரிப்புக்குச் சொல் 'அல்ஃபோம்ப்ரா'. திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: 'லார்கா' என்றால் நீளம். 'மாங்கா லார்கா' முழுக்கை, 'மாங்கா கோர்த்தா' அரைக்கை. லார்ஜ் சைஸுக்கு 'தாயா கிராந்தே' என்பார்கள். ஆங்கிலச் சாயல் தெரிகிற சொல்லைக் கண்டால் அங்கேயே ஒரு நிமிடம் நின்றுவிடுங்கள்.

தமிழ்ச் சாயல் தெரிகிற சொல் வந்தால் தைரியமாகப் போகலாம். 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கிய போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொற்கள் நம் வாயில் எத்தனையோ இருக்கின்றன. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் லத்தீன் பெற்ற உடன்பிறப்புகள். நம் மேசை அங்கே 'மேஸா'. பொத்தான் 'பொத்தோன்'. அலமாரி 'அர்மாரியோ'. எனக்குச் சோறு போடும் துவாலை 'தொவாயா'. சாவி என்பது போர்த்துகீசியத்தில் 'ஷாவே', ஸ்பானியத்தில் 'யாவே'. ஜன்னல்தான் கைவிட்டுவிடும், அது அங்கே 'வென்த்தானா'. உங்கள் சாம்பிள் அறையில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் சில உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்ற நினைப்போடு தொடங்குங்கள். பாதி பயம் போய்விடும்.

பொள்ளாச்சிநார் (பொள்ளாச்சி)

நாங்கள் தென்னை நார்க்கழிவைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி ஸ்பெயினுக்கு அனுப்புகிறோம். அல்மெரியா பக்கம் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கிறார்களே, அந்தச் செடிகளில் பல நம் ஊர் நாரில் வேர்விட்டவை. அங்கே அதன் பெயர் 'ஃபீப்ரா தே கோக்கோ'. இளநீருக்கு 'ஆகுவா தே கோக்கோ', அதாவது தேங்காயின் தண்ணீர்.

அக்கா, நானும் உங்களைப் போல ஆங்கிலம் வழியாகத்தான் தொடங்கினேன். ஓராண்டு வீணாயிற்று. பிறகு ஒருநாள் 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். ஐ லைக் காஃபி என்று பொருள் போட்டிருந்தார்கள். 'நான்' எங்கே போயிற்று, ஏன் காப்பி கடைசிக்குப் போயிற்று என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் வேறு. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி, "உங்களுக்குக் காப்பி பிடிக்குமே, ஆறுகிறது பாருங்கள்" என்றாள். எனக்குக் காப்பி பிடிக்கும்! அதேதான். 'மே' என்றால் எனக்கு. 'குஸ்தா' என்றால் பிடிக்கும். ஆங்கிலக்காரர் இரண்டு பக்கம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

அன்றிலிருந்து ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். எனக்குத் தலை வலிக்கிறது, 'மே துவேலே லா கபேஸா'. எனக்குத் தோன்றுகிறது, 'மே பாரேஸே'. சாப்பிடப் போகிறேன், 'வோய் ஆ கொமேர்'. இதில் 'வோய்' போகிறேன், 'கொமேர்' சாப்பிட. போவதை வைத்தே எதிர்காலத்தைச் சொல்லும் வழக்கம் இரண்டு மொழியிலும் ஒன்று. "நான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லவும் வேண்டாம். பேசுகிறேன் என்பதில் 'ஏன்' இருப்பதுபோல 'ஆப்லோ' என்பதில் கடைசி ஓவே ஆளைக் காட்டிவிடும். பேசுகிறோம் 'அப்லாமோஸ்', பேசுகிறார்கள் 'ஆப்லான்'.

இன்னொன்றை நான் மிகவும் விரும்புகிறேன். 'ஐ' என்று ஒரே எழுத்தில் ஒரு சொல். ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் மாறாது. 'ஐ கஃபே', காப்பி உண்டு. 'ஐ முச்சாஸ் காஹாஸ்', நிறையப் பெட்டிகள் உண்டு. நம் 'உண்டு' போலவே. உங்கள் தையல் அறையில் இதை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம். 'ஐ உனா மாஞ்ச்சா', ஒரு கறை இருக்கிறது. 'ஐ உன் அகுஹேரோ', ஓர் ஓட்டை இருக்கிறது. 'நோ ஐ ஈலோ', நூல் இல்லை. குறைகிறது என்பதற்கு 'ஃபால்தா': 'ஃபால்தா உன் பொத்தோன்', ஒரு பொத்தான் குறைகிறது.

என் கருத்து ஒன்றுதான். ஸ்பானியத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஆங்கிலத்தை உட்கார வைக்காதீர்கள்.

உடுமலைக்காற்று (உடுமலைப்பேட்டை)

பொள்ளாச்சி அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். வாக்கியம் தமிழ்போல இருக்கலாம், வாயும் தமிழாகவே இருந்தால் ஆபத்து.

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் வீசத் தொடங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஸ்பெயினிலிருந்து ஒரு பொறியாளர் வந்து எங்களோடு மூன்று வாரம் தங்கினார். ஒருநாள் கோபுரத்தின் உச்சியில் இருவரும் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தோம். கீழே இருந்தவர்கள் எத்தனை போல்ட் அனுப்ப வேண்டும் என்று வாக்கி டாக்கியில் கேட்டார்கள். நான் அவரிடம் திரும்பி, எத்தனை, எவ்வளவு என்பதற்கான சொல்லைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக் காலை" என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் நாளைக் காலை. அந்த உயரத்தில், அந்தக் காற்றில், ஐந்து நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் போல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டி விரல்களை விரித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

எவ்வளவு என்பது 'குவாந்த்தோ'. எப்போது என்பது 'குவாந்தோ'. முதலாவதில் த வலுவாக ஒலிக்க வேண்டும். நம் வாய் 'ந்' வந்தவுடன் அடுத்த தகரத்தைத் தானாகவே மெலித்துவிடுகிறது, வந்தான், பந்து, சந்தை எல்லாம் அப்படித்தானே. நான் எவ்வளவு என்று நினைத்துக்கொண்டு எப்போது என்று கேட்டிருக்கிறேன். எட்டாயிரம் பீஸா பத்தாயிரம் பீஸா என்று பேசுகிற இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? ஆகவே அக்கா, முதலில் வாயைப் பழக்குங்கள், வாக்கியம் பிறகு வரட்டும்.

நொய்யல்கரை

படித்ததும் கைபேசியில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். இருபது முறை சொன்னேன், இருபதிலும் 'எப்போது' என்றுதான் வருகிறது. இதை எப்படித் திருத்துவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை (கோபிசெட்டிபாளையம்)

அம்மிணி, பயப்பட வேண்டாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வல்லினம் மெல்லினம் சொல்லிக்கொடுத்தவள் நான். என் மகள் மெக்சிகோ நகரத்தில் குடியிருக்கிறாள். பேத்தி பிறந்தபோது விசா கிடைக்கத் தாமதமாகி, நான் போய்ச் சேர நாற்பது நாள் ஆகிவிட்டது. அந்த நாற்பது நாளும் பக்கத்து வீட்டு அம்மாள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, என் மகளைத் தூங்க வைத்திருக்கிறார். அவர் எதிரில் நான் போய் நின்றபோது 'கிராஸியாஸ்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊருக்குத் திரும்பி வந்ததும் ஸ்பானியம் படிக்க உட்கார்ந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று.

உன் சிக்கலுக்கு மருந்து நம் எழுத்திலேயே இருக்கிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் த எப்போதும் வலிது. தோட்டம் என்று சொல்லிப் பார். ஆகவே சொல்லை இரண்டாக வெட்டு. 'குவான்' என்று சொல்லி நிறுத்து. ஒரு மூச்சு விடு. பிறகு தோட்டம் என்று சொல்லத் தொடங்கி 'தோ' வந்தவுடன் வாயை மூடு. குவான். தோ. அந்த இடைவெளியை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வா. எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. 'ம்ப', 'ங்க' இரண்டுக்கும் இதே மருந்துதான். காலம் என்பதற்கான 'தியேம்ப்போ'வை 'தம்பி'யில் வரும் பகரம்போல மெலித்துவிடாதே. வங்கிக்கான 'பாங்க்கோ'வைச் 'சங்கு'போலச் சொல்லாதே.

மற்றபடி நம் வாய் ஸ்பானியத்துக்கென்றே செய்ததுபோலத்தான். 'தோதோ' என்றால் எல்லாம். முதல் த வலிது, இரண்டாவது த 'அது' என்பதில் வருவதுபோல மெலிது. யாரும் சொல்லித்தராமலே நீ சரியாகச் சொல்லிவிட்டாய், கவனித்தாயா? உயிருக்கு நடுவில் ஒற்றைத் த மெலியும், இரட்டித்தால் வலிக்கும் என்ற நம் விதியை வைத்துக்கொண்டு ஸ்பானியச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆர்டருக்கு 'பெதீதோ', பொத்தானுக்கு 'பொத்தோன்'. நாளைக்கு 'மஞானா', ஞ நமக்கு இருக்கிறது, ஆங்கிலத்துக்கு இல்லை. ஆனால் என்பது 'பெரோ', நாய் என்பது 'பெறோ'. பள்ளியில் கரை, கறை என்று நாக்கை அதிரவைத்துச் சொல்ல வைத்தார்களே, அது இங்கே கைகொடுக்கிறது. சொல்லின் முதலில் வந்தால் எப்போதும் ற-தான்: துணிமணி 'றோபா', சிவப்பு 'றோஹோ'.

நெடில் குறில் அவர்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஏதேனும் ஓர் அசையை அழுத்திச் சொல்வார்கள், அழுத்தம் மாறினால் பொருள் மாறும். அந்த அசையை நான் நெடிலாக எழுதி வைத்துக்கொள்வேன். 'ஆப்லொ' பேசுகிறேன், 'அப்லோ' அவர் பேசினார். பொள்ளாச்சித் தம்பி இரண்டு இடத்திலும் நெடில் போட்டிருக்கிறார், முதல் அசையை அழுத்தினால் போதும்.

இன்னும் ஒன்று. நான் மெக்சிகோ உச்சரிப்பை எழுதுகிறேன். உன் விருந்தினர் ஸ்பெயின்காரர். அவர் 'கிராத்தியாஸ்' என்பார், நாக்கு நுனி பல்லிடுக்கில் வரும். நீ எப்படிச் சொன்னாலும் புரியும். அவர் சொல்வதைக் கேட்கும் காதுதான் உனக்கு வேண்டும். பஸ் பிடிப்பது, எடுத்துக்கொள்வது என்பதற்கெல்லாம் ஸ்பெயினில் 'கொஹேர்' என்பார்கள். அதை அங்கே பேசலாம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது நாலு பேர் நடுவில் சொல்லக்கூடாத சொல். 'தொமார்' என்று பழகிவிடு, எல்லா ஊருக்கும் ஆகும்.

பொள்ளாச்சிநார்

டீச்சர், அசைத் திருத்தத்துக்கு நன்றி. என் பதிவை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், அதிலும் திருத்திக்கொண்டேன்.

இன்னொரு தமிழ் ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். இருத்தலுக்கு ஸ்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதில்தான் திணறுவார்கள். தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடிந்தால் செர், 'இருக்கிறது' வந்தால் எஸ்தார். நான் பொறியாளர், 'ஸோய் இன்ஹெனியேரோ'. நான் திருப்பூரில் இருக்கிறேன், 'எஸ்தோய் என் திருப்பூர்'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

தம்பி, இங்கே மட்டும் உன்னை நம்பி இந்தப் பெண் நடந்தால் பள்ளத்தில் விழுவாள். சட்டை அழகாக இருக்கிறது என்கிறோம். உன் விதிப்படி எஸ்தார் வர வேண்டும். ஆனால் 'லா கமீஸா எஸ் பொனீத்தா' என்று செர்தான் வரும், அழகு அந்தச் சட்டையின் இயல்பு என்பதால். கூட்டம் பார்சலோனாவில் இருக்கிறது என்றால் அதற்கும் செர். நிகழ்ச்சி நடக்கும் இடம் என்பதால். ஆளோ பொருளோ எங்கே இருக்கிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு எஸ்தார். இப்படி வைத்துக்கொண்டால் தையல் அறைக்குப் போதும். தையல் கோணலாக இருக்கிறது, 'லா கொஸ்தூரா எஸ்தா தொர்ஸீதா'. ஈரமாக இருக்கிறது, 'எஸ்தா மொஹாதா'.

உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு என்பதற்குத் தமிழ் ஒரு துளியும் உதவாது. மேஸா பெண், பொத்தோன் ஆண். 'லா', 'எல்' சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும், வேறு குறுக்குவழி நான் கண்டதில்லை. ஓவில் முடிந்தால் ஆண் என்று நம்பினால் கை குறுக்கே வந்து நிற்கும்: 'லா மானோ'.

வாளையாறு மாணவன் (கோவை)

ஐயா, அம்மா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். வேலைக்குக் காட்டச் சான்றிதழ் வேண்டுமென்றால் என்ன வழி?

கரூர்த்துண்டு

'தேலே' தேர்வு. செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது, அதன் மையம் டெல்லியில் இருக்கிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை. ஒருமுறை தேறிவிட்டால் காலாவதி கிடையாது. 'சியேலே' என்ற இன்னொன்று கணினியில் எழுதுவது, அது ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும்.

தங்கை, உங்களுக்கு எண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பணம் போகும் இடம் அதுதான். ஸ்பெயினில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. தாளில் 2.400 என்றிருந்தால் இரண்டாயிரத்து நானூறு. 1,85 என்றிருந்தால் ஒரு யூரோ எண்பத்தைந்து சென்ட். மெக்சிகோவில் நம்மைப் போலத்தான். அறுபது 'செஸேந்த்தா', எழுபது 'செத்தேந்த்தா'. போனில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். அதனால் 'செயிஸ், ஸேரோ' என்று ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். 'கீன்ஸே தீயாஸ்' என்றால் பதினைந்து நாள். இரண்டு வாரம் என்று சொல்வதற்கு அவர்கள் இதைத்தான் சொல்வார்கள். போன் போடுவதென்றால் நம் நேரத்துக்கு அவர்கள் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருப்பார்கள்.

நொய்யல்கரை

எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஞாயிறு மதியம் அந்த அம்மாளை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமென்று இருக்கிறோம். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், மாமியார் கையால் சந்தகையும் தேங்காய்ப்பாலும். மாமியாருக்கு "வாங்க, உக்காருங்க, இன்னொரு கரண்டி போட்டுக்குங்க" என்று சொல்லாமல் பரிமாற வராது. அதையெல்லாம் நான் எப்படிச் சொல்வது? நீ, நீங்கள் வித்தியாசம் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

உண்டு. நீ என்பது 'தூ', நீங்கள் என்பது 'உஸ்தேத்'. ஸ்பெயினில் வேலையிடத்தில் சட்டென்று 'தூ'வுக்கு இறங்கிவிடுவார்கள், அதில் அவமரியாதை இல்லை. இருந்தாலும் உன்னைவிட மூத்தவர். அவராகச் சொல்லும்வரை உஸ்தேத்திலேயே இரு. நம் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டு வளர்ந்த நமக்கு அதுதான் நிம்மதியும்கூட. மெக்சிகோவில் ஒருவர் கூப்பிட்டால் 'மாந்தே?' என்பார்கள், கட்டளையிடுங்கள் என்று பொருள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபியில் யாரோ "சொல்லுங்க" என்பதுபோலவே இருக்கும்.

வாசலில் 'பாஸே, பாஸே', உள்ளே வாருங்கள். 'சியேந்த்தெஸே', உட்காருங்கள். 'எஸ்தா என் சு காஸா', உங்கள் வீடுபோல நினைத்துக்கொள்ளுங்கள். இதை அவர்களும் மனதாரச் சொல்வார்கள். இலை போட்டதும் 'கே அப்ரொவேச்சே', சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்பதுபோல. காரமா என்று அவர் கேட்பது 'பீக்கா?' என்றிருக்கும். 'நோ பீக்கா' என்று சொல்வதற்கு முன் உண்மையிலேயே காரம் இல்லையா என்று பார்த்துக்கொள், நம் நாக்கை வைத்து அளக்காதே. 'உன் போக்கோ மாஸ்?', இன்னும் கொஞ்சம்? அவர் 'எஸ்தோய் யேனா' என்றால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். மாமியாரிடம் உடனே சொல்லிவிடு.

சாப்பிட்ட பிறகு எழுந்து போகாதே. உணவு முடிந்தும் மேசையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் 'ஸோப்ரெமேஸா' என்று தனிச்சொல் உண்டு.

உடுமலைக்காற்று

புரியாதபோது தலையாட்டாதீர்கள். நான் அதைச் செய்துதான் மாட்டிக்கொண்டேன். 'நோ எந்த்தியேந்தோ', புரியவில்லை. 'மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்', மெதுவாகச் சொல்லுங்கள். 'கோமோ செ தீஸே எஸ்தோ?', இதற்கு என்ன சொல்வார்கள்? பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கடைசிக் கேள்வியைக் கேளுங்கள். ஒரு நாளில் முப்பது சொல் வரும்.

நொய்யல்கரை

வந்து, நான்கு நாள் இருந்து, நேற்று இரவு விமானம் ஏறிவிட்டார்கள்.

முதல் நாள் காலை என் 'புவேனோஸ் தீயாஸ்' நன்றாக வந்தது. அவர் மடமடவென்று ஏதோ பேசத் தொடங்க, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடுமலை அண்ணன் சொன்னபடி 'மாஸ் தெஸ்பாஸியோ' என்றேன். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் சொன்னார். அவர் கேட்டது, எத்தனை சாம்பிள் தயார் என்பதுதான். 'குவாந்த்தாஸ்' என்று அவர் வாயிலிருந்து வந்த தகரத்தை அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். டீச்சர், தோட்டத்தில் வருகிற த-வேதான்.

இரண்டாம் நாள் ஒரு போலோ சட்டையின் கழுத்துப்பட்டியில் விரலை வைத்து 'எஸ்தா தொர்ஸீதா' என்றார். யாரும் மொழிபெயர்க்காமல் எனக்குப் புரிந்தது. 'ஸீ. வோய் ஆ மிரார்' என்றேன், ஆமாம், பார்க்கப் போகிறேன் என்று. டைலரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்தேன். அவர் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு 'ஆஓரா ஸீ' என்றார். இப்போது சரி.

ஞாயிற்றுக்கிழமை சந்தகையை மூன்று முறை வாங்கிக்கொண்டார். 'மூய் றீக்கோ' என்று மாமியாரைப் பார்த்தே சொன்னார். அதற்கு நான் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசி நாள் பொருள்களை எடுத்து எடுத்து 'கோமோ செ தீஸே' கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தரி 'திஹேராஸ்'. ஊசி 'அகூஹா'. பொத்தான் துளையைக் காட்டினேன், 'ஒஹால்' என்றார். 'ஒஹோ' என்றால் கண்ணாம், அதிலிருந்து வந்த சொல் என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவர் என்னிடம் திரும்பிக் கேட்டார், தமிழில் இதற்கு என்ன? காஜா என்றேன்.

கரூர்த்துண்டு

தங்கை, காஜாவும் கப்பலில் வந்ததுதான். போர்த்துகீசியத்தில் பொத்தான் துளைக்கு 'காஸா' என்பார்கள், வீடு என்று பொருள். பொத்தான் குடியிருக்கும் வீடு. இந்துஸ்தானி வழியாக நம் தையல்காரர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் அங்கேயே இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

நொய்யல்கரை

இன்று இரவே எழுதி அனுப்புகிறேன் அண்ணா. 'காஸா' அவர்களுக்கும் வீடுதானே, உடனே பிடித்துக்கொள்வார். காஜா என்று சொல்ல அவருக்கு வரவே இல்லை. நம் ஜ ஸ்பானியத்தில் கிடையாதாம். கார் வந்து நிற்கும்வரை தையல் மெஷின் முன்னால் இரண்டு ஸ்டூலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் 'காச்சா, காச்சா' என்பார், நான் இல்லை என்று தலையாட்டிக் காஜா என்பேன். பிறகு என் முறை. குவான். தோ.